டிரெய்லரை இறக்கினால் கவிழாதா? கரும்பு லோடும் 20 சென்டிமீட்டர் கணக்கும்

பூமியைத் தூக்கி நிறுத்திய பூவராக சுவாமி குடிகொண்டிருக்கும் ஊர் ஸ்ரீமுஷ்ணம். அதே ஊர்ப்பக்கம் டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு நேர்மாறான ஒரு கவலை உண்டு. டிரெய்லரை எப்படி இறக்குவது?

கடலூர் மாவட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில், அரியலூர் மாவட்டத்தை ஒட்டி இருக்கிறது ஸ்ரீமுஷ்ணம். ஒரு பக்கம் வெள்ளாற்றை ஒட்டிய வயல்கள். இன்னொரு பக்கம் செம்மண் மேட்டில் முந்திரிக்காடு. நெல், கரும்பு, மணிலா என்று எது விளைந்தாலும் வயலை விட்டு வெளியே கொண்டுவருவது பெரும்பாலும் டிராக்டரும் அதன் பின்னால் மாட்டிய டிரெய்லரும்தான். சேத்தியாத்தோப்பில் உள்ள எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கிவிட்டால், அந்தப் பக்கம் போகும் ரோடுகளில் கரும்பு டிரெய்லரை முந்தாமல் யாரும் பயணம் செய்ய முடியாது.

இந்த டிரெய்லர்கள் எல்லாமே பெரிய கம்பெனியில் இருந்து வருபவை இல்லை. பழைய லாரியின் ஆக்ஸில், கழித்த கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), இரும்புக்கடையில் எடை போட்டு வாங்கிய சேனல். இவற்றை வைத்து வெல்டிங் பட்டறையிலேயே உருவாகும் டிரெய்லர்கள் தமிழ்நாடு முழுக்க ஏராளம். கையால் செய்த வண்டி என்பதால் கையாலேயே மாற்றிவிடலாம் என்ற தைரியமும் வந்துவிடுகிறது. "மேஸ்திரி, இன்னும் ஒரு முக்கால் அடி இறக்கிடலாமா?" என்ற கேள்வி அப்படித்தான் பிறக்கிறது.

இறக்கலாமா? இறக்கினால் என்ன கிடைக்கும், என்ன போகும்?

முதலில், ஏன் இவ்வளவு உயரம்?

காரணம் சக்கரம்தான். லாரிகளில் வழக்கமான 9.00-20 அளவு டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 1 மீட்டர். பெட்டியின் தளம் இந்த டயருக்கு மேலே உட்கார வேண்டும். பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் அமுங்கி டயர் மேலே வரும், அதற்கும் இடைவெளி விட வேண்டும். எல்லாம் சேர்த்தால் தரையிலிருந்து தளம் 1.2 மீட்டர் அளவுக்குப் போய்விடுகிறது. சராசரி ஆளின் நெஞ்சு உயரம்.

பெட்டியைச் சக்கரங்களுக்கு நடுவே இறக்கி உட்கார வைத்தால் தாழ்வாக இருக்குமே என்று கேட்கலாம். இருக்கும். ஆனால் பெட்டியின் அகலம் குறைந்துவிடும். வண்டியின் மொத்த அகலம் 2.6 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. இரண்டு பக்கமும் டயருக்கு இடம் விட்டால், லோடு ஏற்ற மிஞ்சுவது ஒல்லியான பெட்டி. அதனால்தான் பெட்டியை டயருக்கு மேலே தூக்கி வைக்கிறார்கள்.

பழைய மாட்டு வண்டியிலும் இதே கதைதான். பெரிய மரச் சக்கரத்துக்கு நடுவே குறுகலான பாரம். டயர் வண்டி வந்தபோது சக்கரம் சின்னதாகி, அதன் மேலே அகலமான பலகை வந்தது. ஏற்றுவதும் இறக்குவதும் சுலபமானது. டிராக்டர் டிரெய்லரில் மீண்டும் பெரிய சக்கரம் வந்ததும் தளமும் மேலே ஏறிவிட்டது.

இறக்கினால் யாருக்கு லாபம்?

முதல் லாபம், லோடு ஏற்றும் தொழிலாளிக்கு. கரும்பு வெட்டும் இடத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, டிரெய்லரில் சாய்த்து வைத்த பலகையில் கால் வைத்து ஏற வேண்டும். மழை பெய்திருந்தால் பலகையில் சேறு. கரும்புத் தோகை காலில் சிக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. 5 டன் லோடு, ஒரு கட்டு 25 கிலோ என்று வைத்துக்கொண்டால் 200 தடவை ஏற வேண்டும். தளம் 20 சென்டிமீட்டர் தாழ்ந்தால், ஒவ்வொரு தடவையும் 20 சென்டிமீட்டர் மிச்சம். மொத்தம் 40 மீட்டர். சிதம்பரம் நடராஜர் கோயில் கோபுரத்தின் உயரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 25 கிலோவைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு கோபுரம் ஏறும் வேலை ஒரு லோடில் மிச்சமாகிறது. கூலி அதே கூலிதான் என்றாலும் முட்டியும் முதுகும் தனிக்கணக்கு வைத்திருக்கும்.

இரண்டாவது லாபம், கவிழும் ஆபத்து குறைவது. இதைத்தான் எல்லோரும் பெரிதாகச் சொல்கிறார்கள். இதில் ஒரு பெரிய 'ஆனால்' இருக்கிறது. அதற்கு முன்னால் பட்டறையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

எப்படி இறக்குகிறார்கள்?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, சின்ன டயர் மாட்டுவது. 9.00-20 டயரைக் கழற்றிவிட்டு 7.50-16 மாட்டினால் டயரின் விட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் குறையும். ஆனால் வண்டி இறங்குவது அதில் பாதி, 10 சென்டிமீட்டர்தான். ஏனென்றால் ஆக்ஸில் இருப்பது டயரின் நடுவில். விட்டத்தில் எவ்வளவு குறைகிறதோ, அதில் பாதிதான் கீழே வரும். இதைத் தெரியாமல் டிஸ்க், டயர், டியூப் எல்லாம் வாங்கிவிட்டு "என்னண்ணே, ஒரு ஜாண்கூட இறங்கலையே" என்று நிற்பதில் பயனில்லை.

இதைவிட முக்கியம், சின்ன டயர் தாங்கும் எடையும் சின்னது. டயரின் பக்கவாட்டில் லோடு இண்டெக்ஸ் என்று ஒரு எண் அச்சிட்டிருப்பார்கள். 144 என்றால் அந்த டயர் 2,800 கிலோ தாங்கும். 121 என்றால் 1,450 கிலோ. பெரிய டயருக்கும் சின்ன டயருக்கும் நடுவே இப்படிப் பாதிக்குப் பாதி வித்தியாசம் வரலாம். இரண்டு டயர் டிரெய்லரில் இதை மாற்றினால் வண்டி தாங்கும் எடையும் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஆனால் ஏற்றும் கரும்பை யாரும் பாதியாக்குவதில்லை. வெயிலில் சேத்தியாத்தோப்பு ரோட்டில் ஒரு பக்க டயர் வெடித்தால், உயரமான லோடு அந்தப் பக்கமாகத்தான் சாயும்.

சின்ன டயருக்கு இன்னொரு கெட்ட குணம், நஞ்சை வயலில் புதைவது. ஆக்ஸிலும் 10 சென்டிமீட்டர் கீழே வந்துவிடுவதால் வரப்பைத் தாண்டும்போது தட்டும்.

கை தேர்ந்த மேஸ்திரிகள் யோசிப்பது வேறு வழி. ஆக்ஸிலுக்கு மேலே கமான் பட்டை உட்கார்ந்திருந்தால், அதைக் கழற்றி ஆக்ஸிலுக்குக் கீழே கொண்டுபோவது. அப்போது பட்டைக்கட்டின் தடிமனும் ஆக்ஸிலின் தடிமனும் சேர்ந்து எவ்வளவோ அவ்வளவு பெட்டி இறங்கும். 7.5 சென்டிமீட்டர் ஆக்ஸில், 8 சென்டிமீட்டர் பட்டைக்கட்டு என்றால் 15 சென்டிமீட்டருக்கும் மேல். டயர் அதே டயர். ஆக்ஸிலின் உயரமும் மாறாது. பட்டையும் யூ போல்ட்டின் தட்டும் மட்டும் ஆக்ஸிலுக்குக் கீழே கொஞ்சம் தொங்கும்.

கேட்க சுலபம். செய்வதில்தான் சூட்சுமம். ஆக்ஸிலின் மேல்பக்கம் இருந்த இருக்கையைக் கீழ்ப்பக்கம் வைக்க வேண்டும். சரியான இடத்தில், இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில். ஒரு பக்கம் 1 சென்டிமீட்டர் முன்னே போனாலும் ஆக்ஸில் கோணலாகிவிடும், டிரெய்லர் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும், டயர் சில நாளிலேயே தேய்ந்துவிடும். பட்டையின் நடு போல்ட் இருக்கையின் குழியில் சரியாக உட்கார வேண்டும். யூ போல்ட் புதிதாக இருக்க வேண்டும். ஒருமுறை இறுக்கி நீண்ட பழைய யூ போல்ட்டைத் திரும்ப மாட்டுவது 200 ரூபாயை மிச்சம் பிடித்து 2 லட்சத்தை ரோட்டில் வைக்கும் வேலை.

சிலர் பட்டையைத் தொடாமல் ஆக்ஸிலையே தலைகீழாகத் திருப்பிவிடுகிறார்கள். லேசான வளைவு கொடுத்துச் செய்த ஆக்ஸில் என்றால் இது பெரிய தவறு. பாரம் ஏறும்போது நேராகும்படி இருந்த வளைவு, திருப்பிய பிறகு பாரம் ஏற ஏற இன்னும் அதிகமாகும். சக்கரங்கள் மேல்பக்கம் உள்நோக்கிச் சாயும்.

இன்னொரு வழியும் உண்டு. நடுப்பகுதி பள்ளமாக வளைந்த ஆக்ஸிலைப் பொருத்துவது. அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுக்கும் சின்ன டிரெய்லர்களை வீட்டிலேயே செய்பவர்கள் இதை 'டிராப் ஆக்ஸில்' என்று கம்பெனியிலிருந்து தயாராகவே வாங்குகிறார்கள். நம்மூரில் அதைப் பார்த்துவிட்டு பழைய லாரி ஆக்ஸிலை கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி வளைப்பதும், வெட்டி ஒட்டுவதும் நடந்தால் அது தற்கொலைக்குச் சமம். வெப்பப் பதம் கொடுத்த இரும்பைக் கண்டபடி காய்ச்சினால் அந்தப் பதம் போய்விடும். ஒட்டின இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். காலி வண்டியில் ஒன்றும் தெரியாது. லோடு ஏற்றி, பள்ளத்தில் விழும் அன்றைக்குத்தான் தெரியும்.

எந்த வழியாக இருந்தாலும் பெட்டிக்கும் டயருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி மிச்சம் என்பதை முழு லோடில் பார்க்க வேண்டும். டிப்பராக இருந்தால் ஹைட்ராலிக் ஜாக்கிக்குக் கீழே இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெட்டியைத் தூக்கும்போது பின்பக்க வால் தரையில் இடிக்கலாம். கீலுக்குப் பின்னால் 50 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால், 45 டிகிரி தூக்கும்போது அந்த முனை 35 சென்டிமீட்டர் கீழே வரும். நாலு சக்கர டிரெய்லரில் சிக்கல் இன்னும் அதிகம். முன் சக்கரம் பெட்டிக்கு அடியில் திரும்ப வேண்டும் என்பதால் முன்பக்கத்தை இறக்க இடமே இருக்காது.

கொக்கியை மறந்தால் என்ன ஆகும்?

பட்டறையில் ஆக்ஸிலைப் பற்றியே பேசிவிட்டு, பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

ரெண்டு சக்கர டிரெய்லரின் பாரத்தில் ஒரு பங்கு டிராக்டரின் கொக்கியில்தான் உட்காரும். அப்படி உட்கார்ந்தால்தான் டிரெய்லர் வாலை ஆட்டாமல் வரும். காருக்குப் பின்னால் இழுக்கும் சின்ன டிரெய்லர்களுக்கு, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும் என்பது வெளிநாடுகளில் சொல்லப்படும் பொதுவான அளவு.

இப்போது ஆக்ஸில் பக்கம் மட்டும் 20 சென்டிமீட்டர் இறங்குகிறது. டிராக்டரின் கொக்கி அதே உயரத்தில் இருக்கிறது. டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கொக்கிக்கும் ஆக்ஸிலுக்கும் 3 மீட்டர் இடைவெளி என்றால் சாய்வு கிட்டத்தட்ட 4 டிகிரி. பார்க்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் உயரமாக அடுக்கிய லோடின் மையம், ஆக்ஸிலைப் பொறுத்து 9 சென்டிமீட்டர் வரை பின்னால் போய்விடும். கொக்கியில் இருந்த எடை குறையும். மேடு ஏறும்போது லோடு இன்னும் பின்னுக்குச் சாய்ந்து, கொக்கி டிராக்டரின் பின்பக்கத்தை மேலே தூக்கப் பார்க்கும். பின் சக்கரம் பிடிப்பை இழந்து சுற்றும்.

தீர்வு, டிரெய்லர் பாரின் முனையில் இருக்கும் வளையத்தைச் சேஸை விட அதே அளவு உயர்த்திப் பொருத்துவது. அல்லது டிராக்டரின் கொக்கியை ஒரு துளை கீழே இறக்குவது. டிரெய்லர் இறங்கியிருக்கும்போது கொக்கியை மேலே தூக்குவது சாய்வை இன்னும் மோசமாக்கும். அதோடு, இழுக்கும் இடம் எவ்வளவு உயருகிறதோ அவ்வளவுக்கு டிராக்டரின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். வாய்க்கால் கரை ஏறும்போது டிராக்டர் பின்பக்கமாக மல்லாந்து விழும் விபத்துகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, இறக்கினால் கவிழாதா?

இப்போது அந்தப் பெரிய 'ஆனால்'.

கோயில் தேரை ஏன் மெதுவாக இழுக்கிறார்கள், திருப்பத்தில் ஏன் முட்டுக்கட்டையோடு ஆட்கள் கூடவே ஓடுகிறார்கள் என்று யோசித்தால் விஷயம் புரியும். உயரம் கூடக் கூட, சக்கரத்தின் அகலம் போதாமல் போகும். கவிழ்வதைத் தீர்மானிப்பது இரண்டு அளவுகள். எடையின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம்? இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே எவ்வளவு அகலம்?

ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். சக்கரங்களுக்கு இடையே 1.7 மீட்டர். தளம் 1.2 மீட்டர் உயரத்தில். காலி டிரெய்லர் 1.5 டன். அதன் மேல் 2 மீட்டர் உயரத்துக்குக் கரும்பு, எடை 6 டன். இந்த வண்டி பக்கவாட்டில் 24 டிகிரி சாய்ந்தால் கவிழும். நிஜத்தில் டயரும் ஸ்பிரிங்கும் அமுங்கும், கரும்பும் நகரும் என்பதால் அதற்கு முன்பே கவிழும்.

அதே லோடு, தளத்தை மட்டும் 20 சென்டிமீட்டர் இறக்கியாச்சு. இப்போது 26 டிகிரி. கிடைத்தது 2 டிகிரி. வளைவில் திரும்பும் வேகத்தில் சொன்னால், 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் கவிழும் வேகம் மணிக்கு சுமார் 33.5 கிலோமீட்டரில் இருந்து 35 ஆகிறது. இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை.

டிரெய்லரைத் தொடவே இல்லை, கரும்பை மட்டும் அரை மீட்டர் குறைத்து 1.5 மீட்டர் அடுக்கினால்? 27 டிகிரி. பட்டறைச் செலவு ஒரு ரூபாய் கூட இல்லாமல், இறக்கியதை விட அதிகப் பலன்.

இனிமேல்தான் நிஜத்தில் நடப்பது. "தாழ்வாயிடுச்சே, இன்னும் ஒரு அடுக்கு தாங்கும்" என்று இறக்கிய டிரெய்லரில் அரை மீட்டர் கூடுதலாக அடுக்குகிறார்கள். 2.5 மீட்டர் கரும்பு, 7.5 டன். இப்போது கவிழும் கோணம் 23 டிகிரி. பழைய உயரமான டிரெய்லரை விட மோசம். செலவு செய்து, வெல்டிங் அடித்து, டிரெய்லரை முன்பை விட ஆபத்தானதாக மாற்றிய கதை.

பிரேக்கையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். விவசாய டிரெய்லர்கள் பலவற்றில் தனி பிரேக் கிடையாது. டிராக்டர் நின்றாலும் பின்னால் வரும் பல டன் எடை தள்ளிக்கொண்டேதான் இருக்கும். அதை உயரத்தைக் குறைத்துச் சரிசெய்ய முடியாது. விக்கிரவாண்டி - தஞ்சாவூர் தேசிய நெடுஞ்சாலை சேத்தியாத்தோப்பு வழியாகத்தான் போகிறது. வேகமாக வரும் பஸ், லாரி நடுவே பிரேக் இல்லாத டிரெய்லர் ரோட்டைக் கடப்பதை நினைத்துப் பார்த்தால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இன்ஜினே இல்லாத டிரெய்லருக்கு என்ன சட்டம் என்று பலர் கேட்பதுண்டு. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 2-வது பிரிவில் 'மோட்டார் வாகனம்' என்பதற்கான விளக்கத்திலேயே டிரெய்லரும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதாவது சட்டத்தின் கண்ணில் அது தனி வாகனம். தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

பதிவுச் சான்றில் இருக்கும் விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது பிரிவு 52. கேரளாவில் மாற்றி அமைக்கப்பட்ட வாகனங்கள் தொடர்பான வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. டயர் அளவை மாற்றினாலோ, ஆக்ஸிலை மாற்றினாலோ இந்தப் பிரிவுக்குள் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். அதனால் பட்டறைக்குப் போவதற்கு முன்னால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. போன பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

2019-ல் திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதிக பாரம் ஏற்றினால் பிரிவு 194-ல் 20,000 ரூபாய், கூடவே ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய். அனுமதித்த அளவைத் தாண்டி லோடு பக்கவாட்டிலோ உயரத்திலோ நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் 20,000 ரூபாய் என்று அதே பிரிவு சொல்கிறது.

அபராதம்கூட ஒரு நாள் வலி. இன்சூரன்ஸ் அப்படி இல்லை. டிராக்டருக்கு மட்டும் பாலிசி எடுத்துவிட்டு டிரெய்லரைச் சேர்க்காமல் விடுவது கிராமங்களில் சகஜம். அதோடு ஆக்ஸிலும் மாற்றப்பட்டிருந்தால், விபத்துக்குப் பிறகு இழப்பீட்டு வழக்கில் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் முதலில் எடுக்கப்போவது அந்த இரண்டையும்தான்.

ஆட்களை ஏற்றினால்?

தளம் தாழ்வாக இருந்தால் ஆட்கள் ஏறுவதும் சுலபம். கோயில் திருவிழா, துக்க வீடு, நடவு வேலை என்று டிரெய்லரில் ஆட்களைக் கூட்டிப்போகும் வழக்கம் இன்னும் போகவில்லை. 2022 அக்டோபர் 1-ம் தேதி உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் அருகே, கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்கள் வந்த டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து குறைந்தது 26 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். 2024 பிப்ரவரியில் அதே மாநிலத்தின் காஸ்கஞ்சில் இன்னொரு டிரெய்லர் குளத்தில் விழுந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டிலும் ஏற்றியிருந்தது கரும்போ நெல்லோ இல்லை. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத பெட்டியில், வளைவில் எல்லோரும் ஒரே பக்கம் சரியும்போது எடையின் மையமும் கூடவே சரியும்.

இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால்

வேலை முடிந்ததும் பட்டறையிலேயே காலி வண்டியில் ஒரு அளவு எடுத்துக்கொள்ள வேண்டும். தளத்தின் நான்கு மூலையும் தரையிலிருந்து எவ்வளவு, டயருக்கும் பெட்டிக்கும் நடுவே எவ்வளவு, பார் நேர்மட்டமாக இருக்கிறதா என்று. அதன் பிறகு பாதி லோடில் அதே அளவு. மூலைகளுக்குள் வித்தியாசம் வந்தால் ஒரு பக்கப் பட்டை சோர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பழைய லோடு உயரத்தைப் பெட்டியின் பக்கக் கம்பியில் பெயிண்ட் கோடாகப் போட்டுவிடலாம். 20 சென்டிமீட்டர் இறக்கியிருந்தாலும் தளத்திலிருந்து அந்தக் கோடு மாறக்கூடாது. லோடு ஏற்ற வருபவர்களுக்குக் கணக்கு தெரிய வேண்டிய அவசியமில்லை, கோடு தெரிந்தால் போதும்.

முதல் லோடு போய்வந்ததும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். புதிதாக மாட்டியது பாரம் ஏறியதும் கட்டாயம் கொஞ்சம் தளரும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. வெல்டிங் அடித்த இருக்கைகளைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், பெயிண்டில் முடி மாதிரி ஒரு கோடு ஓடியிருக்கிறதா என்பது தெரியும். ஓடியிருந்தால் அன்றைக்கு லோடு ஏற்றாமல் வண்டியைப் பட்டறைக்குத் திருப்ப வேண்டும்.